இட்லிப்பூவுக்கு மோர், காகிதப்பூவுக்குப் பட்டினி

மாசி கடைசி வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, திருவிடந்தை வீட்டு மதில் முன்னால் இருந்தவர்கள்: செங்கல்பட்டிலிருந்து காரில் வந்திருந்த வீட்டுக்காரர் கண்ணகி மேடம். சமையலும் பெருக்கலும் பார்க்கும் வேண்டா, கையில் துடைப்பத்தோடு. தோட்ட வேலைக்கு வந்த அருணகிரி, ஐம்பதைத் தாண்டியவர். அதே வேலைக்கு வந்த இன்னொருவனான நான், ஜோஷ்வா. கேட்டுக்கு இடதுபக்கம் என்னுடைய காகிதப்பூச் செடி ஆறு. வலதுபக்கம் அவருடைய இட்லிப்பூச் செடி ஆறு.

செடிகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். யார் போவது என்பதை அவைதான் சொல்ல வேண்டியிருந்தது.

நாற்பது நாளைக்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும் ஒரே பேருந்தில் வந்து ஒரே கேட்டில் நின்றோம். கோயிலுக்குக் கல்யாண வேண்டுதலுக்கு வருகிற குடும்பங்களுக்கு அந்த வீட்டை நாள் வாடகைக்கு விடப்போவதாக மேடம் சொன்னார். மாலையும் கழுத்துமாகக் கோயிலைச் சுற்றிவிட்டு வருகிறவர்கள் மதில் முன்னால் நின்று போட்டோ எடுப்பார்கள். புதிதாக வெள்ளையடித்த மதில், எண்பது அடி. மொட்டையாக இருந்தது.

"மதில் ஓரமா என்ன வைக்கலாம்?" என்று மேடம் கேட்டார்.

"இட்லிப்பூ வெக்கலாம்மா," என்றார் அருணகிரி. "கொத்துக் கொத்தா செவப்பா நிக்கும். சாமிக்கும் ஆவும்."

"இங்க வராது மேடம்," என்றேன் நான். "உப்புக்காத்து, உப்புத்தண்ணி, மணல். காகிதப்பூதான் நிக்கும்."

"காகிதப்பூவ எந்த சாமி மேல போடுவ?" அருணகிரி என்னை மேலும் கீழும் பார்த்தார். "பூவா அது? எல. கலர் அடிச்ச எல. நடுவுல அரிசி மாதிரி வெள்ளையா கீதே, அதான் பூ. முள்ளு வேற."

"எலைன்னு போட்டோல தெரியாது அண்ணாத்த."

மேடம் முப்பது வருடம் ஜவுளிக்கடை நடத்தியவர். இரண்டு புடவையையும் பிரித்துப் போட்டுப் பார்க்காமல் வாங்க மாட்டார். "ஆளுக்குப் பாதி மதில். நாப்பது நாள். பங்குனி முகூர்த்தத்துக்கு முன்னால எது பூக்குதோ அந்தச் செடி நிக்கட்டும், அந்த ஆளும் நிக்கட்டும்," என்றார்.

வேலையோடு ஓர் அறையும் உண்டு. மோட்டார் கொட்டகைக்குப் பின்னால், எட்டுக்குப் பத்து, ஒரு ஜன்னல். பூட்டு வைத்த கதவு. யார் ஜெயிக்கிறார்களோ அவர்களுக்குச் சாவி. அதுவரை இரண்டு பேரும் கார் நிறுத்தும் இடத்தில் படுத்துக்கொள்ள வேண்டியது.

எனக்கு வேண்டியது அந்தக் கதவுதான். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் பதினொரு மாதம் இரவு ஷிப்ட் பார்த்தேன். பெயின்ட் அடித்து வரும் தகடுகளில் கீறல் இருக்கிறதா என்று ட்யூப்லைட் வெளிச்சத்தில் பார்க்கிற வேலை. ஒரு நாள் டீ இடைவேளையில் வெளியே வந்தவன் திரும்பி உள்ளே போகவில்லை. அங்கே எங்கள் அறையில் ஆறு பேருக்கு மூன்று பாய். பகல் ஷிப்ட் ஆள் எழுந்து போன பாயில் நான் போய் விழுவேன். அது சூடாக இருக்கும். யாராவது வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருப்பதால் கதவைச் சாத்தவே முடியாது. வேலையை விட்ட பிறகும் உடம்பு திருந்தவில்லை. இரவில் கண் மூடாது. பகலில் கண் எரியும், கால் ஓரிடத்தில் நிற்காது. கருங்குழியில் அப்பா வீட்டில் பகலில் படுத்திருப்பவனை யாரும் சும்மா விட மாட்டார்கள். உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ள ஒரு கதவு கிடைத்தால் தூங்கிவிடலாம் என்று நம்பினேன். பூ மேல் எனக்கு எந்த ஆசையும் இல்லை.

அருணகிரிக்கும் அதே அறைதான் வேண்டியிருந்தது. "மவனுக்குக் கல்யாணம் ஆயிச்சி. வூடு ஒரே ரூமு. நாலு மாசமா ஷேர் ஆட்டோல படுத்துகினு கீறேன். காலு நீட்டணும்னா அடுத்த ஸ்டாப்பிங் வரைக்கும் போவும்," என்று முதல் நாளே சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

கம்பெனியை விட்ட பிறகு ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு நர்சரியில் நாலு மாதம் குச்சி வெட்டி நட்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்த செடி காகிதப்பூ. அதற்கு நாள் முழுக்க வெயில் வேண்டும். மண் மட்டமாக இருந்தால் நல்லது. வேர் பிடிக்கும்வரை ஒரு வாரம் தண்ணீர், பிறகு நிறுத்திவிட வேண்டும். இலை தொங்கும், தொங்கட்டும். சாகப் போகிறோம் என்று நினைத்த பிறகுதான் அது பூக்கும். தண்ணீரும் எருவும் கொடுத்தால் கொழுத்து இலையாக விட்டுக்கொண்டு நிற்கும், பூ வராது.

இட்லிப்பூவுக்கு எல்லாமே நேர் எதிர். மண் புளிப்பாக இருக்க வேண்டும். ஈரம் விட்டுப்போகக் கூடாது. உச்சி வெயில் கொஞ்சம் மறைந்தால் அதற்குச் சந்தோஷம். உப்புத்தண்ணீரும் சுண்ணாம்பும் ஆகவே ஆகாது. இலை மஞ்சளாகிவிடும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும்.

அருணகிரிக்கு அது தெரியும். முழங்கால் ஆழத்துக்குக் குழி எடுத்து மணலை அள்ளி வெளியே போட்டார். ஊரிலிருந்து செம்மண்ணும் மக்கின சாணியும் மூட்டை மூட்டையாக வரவழைத்து நிரப்பினார். உப்பான போர்வெல் தண்ணீரை ஒரு சொட்டு விடவில்லை. லாரியில் வருகிற நல்ல தண்ணீரைத் தொட்டியிலிருந்து குடத்தில் மொண்டு காலையில் ஆறு, சாயங்காலம் ஆறு என்று தூக்கினார். நடுவில் தென்னை ஓலையை நட்டு நிழல் கட்டினார். ஒருநாளும் அவர் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

என் வேலை ஒரு வாரத்தில் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு எதுவும் செய்யக் கூடாது. மணிக்கு ஒரு தடவை போய் ஆறு செடியிலும் இலை தொங்குகிறதா என்று பார்ப்பேன், திரும்பி வருவேன். காலையில் கடற்கரையோரமாக மாமல்லபுரம் பக்கம் நடந்து, பாதியில் செடி ஞாபகம் வந்து ஓடி வருவேன்.

"இன்னாடா கம்பெனி," என்பார் அருணகிரி, இடுப்பில் குடத்தோடு. என் பெயரை அவர் சொன்னதே இல்லை. "செடிய மொறச்சிப் பாத்துகினே கீற? பயந்து பூக்கட்டும்னா?"

"நீ தூக்கு அண்ணாத்த. தூக்கறதுக்கும் ஆள் வேணுமில்ல."

"உனக்கு இன்னா, சாப்புட்டு சாப்புட்டு நடக்கற. அது பட்னி, நீ நாஸ்தா."

பதினெட்டாம் நாள் இட்லிப்பூவில் மொட்டுக் கட்டிவிட்டது. கொத்துக் கொத்தாக, தீக்குச்சித் தலை மாதிரி. என் செடிகள் கரும்பச்சையில் தளதளவென்று நின்றன. தண்ணீரை நிறுத்திப் பதினொரு நாள் ஆகியிருந்தது. ஓர் இலைகூடத் தொங்கவில்லை. நுனியில் புதுத் துளிர் சாண் நீளத்துக்கு விட்டிருந்தது. குனிந்து மண்ணைத் தொட்டேன். ஈரம். ஆறு செடியின் அடியிலும் ஒரு முழ அகலத்துக்கு மண் கறுத்துக் கிடந்தது. மேலே ஏதோ மினுக்கியது. கிளிஞ்சல் தூள் என்று நினைத்தேன்.

யாரோ தண்ணீர் விடுகிறார்கள். என் செடி பூக்காமல் போனால் லாபம் யாருக்கு? அந்த வீட்டில் குடம் தூக்குகிறவர் ஒருவர்தான்.

"என் செடிக்கு ஏன் தண்ணி ஊத்தின?"

அருணகிரி குடத்தை இறக்கினார். "இன்னாது?"

"தண்ணி ஊத்தினா பூக்காதுன்னு உனக்குத் தெரியும். ராவுல எழுந்து ஊத்தறியா?"

"ராவெல்லாம் முழிச்சிகினு குந்தி கீறவன் நீ. உனக்குத் தெரியாம நான் எழுந்து போறனா?" அவர் தோள்பட்டையைத் தடவிக் காட்டினார். காய்த்துப் போயிருந்தது. "என் செடிக்குத் தூக்கறதுக்கே தோளு போவுது. இதுல உன் செடிக்கு வேற தூக்கணுமா? பேஜாரு பண்ணாத, போ."

அதில் நியாயம் இருந்தது. எனக்கு அப்போது நியாயம் வேண்டியிருக்கவில்லை. இரண்டு வாரமாகச் சேர்ந்தாற்போல இரண்டு மணி நேரம் தூங்காதவனுக்கு, யார் மேல் கோபம் என்று தெரிந்தால் போதும்.

மறுநாள் நல்ல வெயிலில், அருணகிரி பின்பக்கம் சாப்பிட உட்கார்ந்த நேரம், மோட்டார் கொட்டகைக்குப் போனேன். மதிலுக்கு அடித்தது போக மீந்த சுண்ணாம்பு மூட்டை அங்கே இருந்தது. ஒரு பக்கெட்டில் அள்ளினேன். ஒவ்வொரு இட்லிப்பூச் செடியின் அடியிலும் செம்மண்ணைக் கிளறி மூன்று கை போட்டு மூடினேன். ஆறு செடி. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு கை கழுவிவிட்டு நானும் போய்ச் சாப்பிட்டேன். நெத்திலிக் குழம்பு. இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கினேன்.

சாயங்காலம் அவரே ஆறு குடம் தூக்கி ஊற்றிச் சுண்ணாம்பை வேருக்கு இறக்கினார்.

இரண்டு நாள் கழித்து, காலை எட்டு மணி இருக்கும். அன்று நான் நடக்கப் போகவில்லை. வேண்டா ஒரு அலுமினிய அன்னக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு இடதுபக்க மதிலோரம் போனாள். முதல் செடிக்குக் கொஞ்சம், இரண்டாவதுக்குக் கொஞ்சம் என்று சாய்த்து ஊற்றினாள். நான் ஓடினேன்.

"அக்கா! இன்னா அது?"

"மீனு கழுவின தண்ணி. ஏன் கத்தற?"

மண்ணில் மினுக்கியது கிளிஞ்சல் இல்லை. செதில். வீச்சம் அடித்திருக்கும். கடலை ஒட்டிய ஊரில் எங்கேயும் அந்த வீச்சம்தான். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

"எத்தினி நாளா ஊத்தற?"

"நீ தண்ணிய நிறுத்தினியே, அதுக்கு மறுநாளுலேர்ந்து. தண்ணி இல்லாம நிக்குது, பாக்க சகிக்கல. எங்க வூட்டு முருங்கைக்கு இதான் ஊத்தறேன், எப்பிடிக் காய்க்குது தெரியுமா?"

"பட்டினி போட்டாத்தான் இது பூக்கும். நீ ஊத்தி ஊத்தி எல்லாத்தையும் எலையாக்கிட்ட!"

வேண்டா அன்னக்கூடையைக் கீழே வைத்தாள். "நல்லா கீதே கத. பட்னி போட்டா பூக்குமா? எங்க அப்பா என்னைய அப்பிடித்தான் போட்டாரு, நான் இன்னா பூத்தா கீறேன்? நாலாவதும் பொண்ணுன்னு வேண்டாம்னு பேரு வெச்சாங்க. உன் செடிக்கும் அதே பேரு வெய்யி."

ஈர மண்ணை வழித்து எறிந்துவிட்டுக் காய்ந்த மணலைக் கொட்டினேன். இலைத் துளிரைப் பாதியாகக் கிள்ளிவிட்டேன்.

வலதுபக்கம் அருணகிரி ஓலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். போய்ச் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் மேல்மண்ணை வாரி எடுத்திருந்தால் செடி தப்பியிருக்கும். இன்னும் இருபது நாள் இருந்தது. ஒவ்வொரு நாளும் சொல்ல முடிந்தது. நான் சொல்லவில்லை. எதற்கும் பயந்து இல்லை. சாவி எனக்கு வேண்டும், அவ்வளவுதான்.

இருபத்தைந்தாம் நாள் இட்லிப்பூவின் இளம் இலைகள் வெளுத்தன. இருபத்தெட்டில் மஞ்சள். நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நின்றது. மொட்டுகள் ஓரம் கருகின. அருணகிரி ஓர் இலையைக் கிள்ளி வெயிலுக்கு எதிரே பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஊருக்குள் போய் ஒரு தூக்கு மோர் வாங்கிவந்து, மூன்று நாள் புளிக்கவைத்து, தண்ணீரில் கலக்கிச் செடிக்கு விட்டார். அடுத்து புளியைக் கரைத்து ஊற்றினார். மறுபடி மோர்.

"செடிக்கு மோரு," என்றாள் வேண்டா, என்னிடம். "நான் வேல செய்யற வூட்ல எனக்கு வெறும் டீ."

அருணகிரி குடத்தோடு என்னைத் தாண்டிப் போகும்போது கேலி செய்வதை நிறுத்தியிருந்தார். "இன்னாடா கம்பெனி" என்றுகூடச் சொல்லவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. நடந்தேன். கடற்கரையில் நடந்தேன், ரோட்டில் நடந்தேன், மதிலோரம் நடந்தேன்.

முப்பத்தி ஒன்றாம் நாள் என் செடிகளில் இலை தொங்கியது. முப்பத்தி ஐந்தில் கிளை நுனியெல்லாம் சிவந்தது. நாற்பதாம் நாள், அந்த வெள்ளிக்கிழமை காலை, மதிலின் இடது பாதி முழுக்க ராணி கலர். வெள்ளைச் சுவரில் கண்ணைக் கூசியது.

மேடம் இடதுபக்கம் பார்த்தார், வலதுபக்கம் பார்த்தார். வலதுபக்கம் மஞ்சள் இலையும் நாலைந்து கருகிய கொத்தும்.

"சரி, தெரிஞ்சுபோச்சு," என்றார். கைப்பையிலிருந்து பச்சை பிளாஸ்டிக் வில்லை போட்ட சாவியை எடுத்து என் கையில் வைத்தார். "அருணகிரி, மனசுல வெச்சுக்காதீங்க. சாயங்காலத்துக்குள்ள அதைத் தோண்டி எடுத்துடுங்க. அங்கயும் இதையே வெச்சிடலாம்."

"சரிம்மா," என்றார் அவர்.

நான் நேராக அறைக்குப் போனேன். உள்ளே நுழைந்து கதவைச் சாத்திப் பூட்டினேன். அந்தப் பூட்டுக்குச் சாவியை ஒன்றரைச் சுற்று சுற்ற வேண்டும். திறந்து, மறுபடி பூட்டினேன். மூன்று தடவை. சிமென்ட் தரையில் படுத்துக் கண்ணை மூடினேன். வெளியே மண்வெட்டி விழும் சத்தம் கேட்டது. சீராக விழுந்துகொண்டிருந்தது. பிறகு நின்றது. நின்றபிறகு படுத்திருக்க முடியவில்லை.

அருணகிரி முதல் குழிக்குள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளங்கையில் செம்மண்ணும் வெள்ளைக் கட்டிகளும். அதில் ஒன்றை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பினார்.

"சுண்ணாம்பு," என்றார். "வெள்ளையடிச்ச பசங்க மிச்சத்த இங்கயே கொட்டிட்டுப் போயிருக்கானுங்க. நான் பாக்கல பாரு. செம்மண்ணு ரொப்ப சொல்ல அதுவும் சேந்து வுழுந்துகிது, அப்பவே பாத்திருக்கணும். முப்பது வருசமா மண்ணுல கைய வெச்சிகினு கீறேன், எனக்குத் தெரியல. கண்ணு போச்சிடா கம்பெனி. கையும் போச்சி. இனிமே யாரு வூட்லயும் போயி தோட்ட வேல தெரியும்னு சொல்ல முடியாது."

சொல்லிவிட்டுக் கட்டிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கரையில் வைத்தார். அவர் என்னைச் சந்தேகப்பட்டிருந்தால், திட்டியிருந்தால், நான் திருப்பித் திட்டிவிட்டுப் போய்ப் படுத்திருப்பேன். இந்த ஆள் தன் கையையே திட்டிக்கொண்டிருந்தார். அது எரிச்சலாக இருந்தது. பரிதாபம் இல்லை, எரிச்சல். அவர் சொன்ன தப்பான காரணம் என் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

"நான்தான் போட்டேன்," என்றேன்.

அவர் நிமிர்ந்தார்.

"தண்ணி ஊத்தினது நீன்னு நெனச்சேன். அது வேண்டாக்கா. அது தெரியறதுக்கு முன்னாடியே போட்டுட்டேன்."

மண்வெட்டி அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. நான் நகரவில்லை.

"எத்தினி கை?"

"ஒரு செடிக்கு மூணு."

"மூணு கையா?" அவர் மஞ்சள் செடியை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். "மூணு கை சுண்ணாம்புக்கு இது ஒரே வாரத்துல எரிஞ்சி போயிருக்கணும். இருவது நாளு நின்னுகிது. அப்போ என் மோரு வேல செஞ்சிகிது." அவர் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். என் மேல் கோபம் வருவதற்கு முன்னால் வந்தது அதுதான். கோபம் அடுத்து வந்தது. எழுந்து, என் சட்டைக் கழுத்தைப் பிடித்தார். "வாடா. அம்மாகிட்ட வந்து இதையே சொல்லு. நான் சொன்னா தோத்துட்ட வயித்தெரிச்சல்னு ஆவும். உன் வாயால சொல்லு."

மேடம் கார் கதவைத் திறந்துகொண்டிருந்தார். சொன்னேன். மூன்று வாக்கியத்தில் முடிந்தது. வேண்டா வாயில் கை வைத்து நின்றாள்.

"கேக்காமலே எதுக்குச் சொன்ன?" என்றார் மேடம்.

"தெரியல மேடம்."

அவர் மதிலை மறுபடி பார்த்தார். இடது பாதி, வலது பாதி. கடைக்காரியின் பார்வை. "செடி இதே இருக்கட்டும். உப்புக்கு நிக்கறது இதுதான், அதுல நீ சொன்னது சரி. ஆளு அவர் இருக்கட்டும். சாவியைக் குடு."

கொடுத்தேன். கார் போய்விட்டது.

அருணகிரி சாவியை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு இடதுபக்கச் செடிகள் முன்னால் போய் நின்றார். பிடிக்காத மருமகளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"இதுக்கு எத்தினி நாளைக்கு ஒரு தபா தண்ணி?"

"எல தொங்கினா மட்டும். அதுவும் ஒரு தடவ நல்லா விட்டு நிறுத்திடணும். இந்தப் பூ கொட்டினதும் நுனிய வெட்டு. எரு வேணாம். மீன் தண்ணி ஆகவே ஆகாது."

"அப்போ நான் இன்னா வேல செய்யறது?"

"சும்மா இருக்கறதுதான்."

"நீ இருந்தியா?"

கார் நிறுத்தும் இடத்திலிருந்து என் பையை எடுத்துத் தோளில் போட்டேன். அவரும் அங்கே கிடந்த தன் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை.

"வேண்டா, என்னைய சோத்துக்கு எழுப்பாத," என்றார். "ஆறு குழி வெட்டணும், அது சாயங்காலம். இப்போ காலு நீட்டிப் படுக்கப் போறேன்."

மோட்டார் கொட்டகையைச் சுற்றிப் போனார். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு சாவி. ஒரு சுற்று. கொஞ்சம் தடுமாறி, இன்னும் அரைச் சுற்று.